மெஷினிடம் மனம் திறக்கும் முன்: தானியங்கிக் கவுன்சலிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் வாரம் நான்கு நாள், கிருஷ்ணகிரியில் சனிக்கிழமை மட்டும் என்று மனநல ஆலோசகராக உட்காருகிறேன். முன்பெல்லாம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் "தூக்கமே வரல மேடம்" என்று ஆரம்பிப்பார்கள். இப்போது பலர் போனை நீட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். "இது இப்படிச் சொல்லுது, சரிதானா பாருங்க." ஒரே சந்தேகத்துக்கு ஒரே வாரத்தில் நாலு பேருக்குப் பதில் சொன்ன பிறகுதான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ஆளிடம் கவுன்சலிங் போனால் முதல் நாள் நேராகப் பிரச்சினைக்குள் இறங்க மாட்டோம். எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, நீங்கள் சொல்வதில் எது என்னோடு நிற்கும், எதை நான் வெளியே சொல்லியே ஆக வேண்டியிருக்கும், அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் பேசி முடித்துக்கொள்வோம். அரை மணி நேரம் அதற்கே போய்விடும். தானியங்கிச் சேவையில் அந்த அரை மணி நேரம் கிடையாது. "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தான் இருக்கும், யாரும் படிக்காமல் அமுக்கிவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தை நீங்களே உட்கார்ந்து செய்துகொள்ளத்தான் இந்தப் பக்கம்.

தானியங்கி என்று நான் சொல்வதில் இரண்டு வகை உண்டு. மனநலத்துக்கென்றே செய்த ஆப்கள் ஒரு வகை. சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி எல்லாவற்றுக்குமான சாட்பாட்டைக் கவுன்சலராக வைத்துக்கொள்வது இன்னொரு வகை. நம் பக்கம் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அந்தப் பக்கம் உக்காந்து டைப் பண்றது ஆளா, மெஷினா மேடம்?

மெஷின்தான். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், கேட்டவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்ற நிரலை வெளியிட்டார். நீங்கள் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவது, அவ்வளவுதான் அதன் வேலை. "எனக்கு அம்மாமேல் கோபம்" என்றால் "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்று கேட்கும். அது எழுதப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, கொஞ்ச நேரம் அதனுடன் பேசிவிட்டு, "நீங்கள் வெளியே இருங்கள்" என்று அவரை அறையை விட்டுப் போகச் சொன்னாராம். மெஷின் என்று தெரிந்தும் மனசு ஆளாகவே எடுத்துக்கொள்கிறது. இன்றைய மெஷின் எலிசாவைவிட எவ்வளவோ நன்றாகப் பேசும், அதனால் இந்த மயக்கமும் அதிகம்.

சில ஆப்களில் காசு கட்டினால் இடையில் ஆள் வருவார். எது மெஷின், எது ஆள் என்று தெரியாவிட்டால் நேராகக் கேளுங்கள். நேரான பதில் வராத சேவை வேண்டாம்.

அப்போ அது பேசறது கவுன்சலிங் கணக்குல வருமா வராதா?

2020 மார்ச்சில் நம் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறை இதில் தெளிவு. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை தரவோ மருந்து எழுதவோ கூடாது, அவை மருத்துவருக்கு உதவலாம், கடைசிச் சொல் மருத்துவருடையது என்கிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் மெஷின் சிகிச்சையாளராக நடந்துகொள்வதையே தடை செய்து சட்டம் போட்டது. அதனால்தான் பல ஆப்கள் ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் "இது சிகிச்சை அல்ல" என்று எழுதிவிட்டு, மேலே பெரிய எழுத்தில் "உங்கள் மனநலத் தோழி" என்று போட்டுக்கொள்கின்றன. நீங்கள் பொடி எழுத்தை நம்புங்கள்.

அதற்காக உதவவே உதவாது என்று சொல்ல மாட்டேன். திருப்பிப் பேசுகிற டைரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பிக் கிடப்பதை வரிசைப்படுத்த, மூச்சுப் பயிற்சி சொல்லித்தர, நாளைக்கு மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்க, "எல்லாம் என் தலையெழுத்து" என்ற எண்ணத்தை எழுதிவைத்து அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கப் பழக, இதற்கெல்லாம் நன்றாகவே உதவும். என்னிடம் வருகிற சிலருக்கு நானே இந்த வேலைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இதுகிட்ட சொன்னா வெளிய போகுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "வெளியே" என்பதற்கு மூன்று அர்த்தம் இருக்கிறது.

முதல் வெளி உங்கள் வீடு. நான் பார்த்தவரை ரகசியம் உடைவது பெரும்பாலும் இங்கேதான், கம்பெனியில் இல்லை. அடுத்த கேள்வியில் சொல்கிறேன். இரண்டாவது வெளி, சேவையை நடத்தும் நிறுவனம். நீங்கள் எழுதுவது அவர்களுடைய சர்வரில் போய் உட்காருகிறது. மெஷினைப் பயிற்றுவிக்க அதை எடுத்துக்கொள்வார்களா என்று ஆப்பின் செட்டிங்ஸில் ஓர் இடம் இருக்கும், அதை அணைத்துவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும். விளம்பரக்காரர்களுக்குக் கொடுப்பதும் நடந்திருக்கிறது. பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க நிறுவனம், இத்தனைக்கும் ஆள் வைத்து நடத்துகிற சேவை, வாடிக்கையாளர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி இடங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று 2023இல் அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது வெளி கோர்ட், போலீஸ். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை தரும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று கடமையாகவே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. அந்தக் கடமை ஆளுக்கு, ஆப்புக்கு அல்ல. சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில், மருத்துவரிடமும் வக்கீலிடமும் பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இதனுடன் பேசுவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார். கடைக்காரரே சொல்லும்போது நாம் வாதாட என்ன இருக்கிறது?

எங்க வூட்ல ஒரே போனுதான், வூட்டுக்காரரும் பசங்களும் எடுப்பாங்க. என்ன பண்றது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. தக்காளி மண்டியில் வேலை. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மைக்கை அமுக்கிப் பேசுவார், எழுத வராது. ஒரு நாள் சின்னவன் கேம் விளையாடப் போனை எடுத்திருக்கிறான், திரையின் மேலே ஒரு பட்டை வந்து நின்றது: "உங்கள் கணவர் குடித்துவிட்டு அடித்ததைப் பற்றி நேற்று சொன்னீர்கள், இன்று எப்படி இருக்கிறீர்கள்?" பையன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் நடந்ததை எழுதப்போவதில்லை.

முதலில் அந்த ஆப்பின் அறிவிப்புகளை முழுவதுமாக நிறுத்துங்கள். ஆப்புக்குத் தனிப் பூட்டு போடுங்கள். ஒரே கூகுள் கணக்கை வீட்டில் இரண்டு போனில் போட்டிருந்தால் அதே கணக்கில் அந்த ஆப்புக்குள் நுழையாதீர்கள், அந்தப் போனிலும் எல்லாம் தெரிந்துவிடலாம். சர்வீஸ் கடைக்குப் போனைக் கொடுக்கும் முன் ஆப்பிலிருந்து வெளியேறிவிடுங்கள். இதெல்லாம் முடியாது, போன் என் கையில் நிற்பதே இல்லை என்றால் அந்த வீட்டில் எழுத்தில் எதுவும் வைக்காதீர்கள். குரலாகப் பேசுவதே மேல். 181 என்பது பெண்களுக்கான இலவச உதவி எண். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

பேசினதை அழிச்சுட்டா அழிஞ்சிடுமா?

உங்கள் திரையில் அழியும். சர்வரில் அந்த நிறுவனத்தின் கொள்கைப்படி சில நாளோ சில வாரமோ கழித்து அழியும். 2025இல் அமெரிக்காவில் ஒரு பதிப்புரிமை வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டதால், பயனர்கள் அழித்த உரையாடல்களைக்கூட ஓப்பன்ஏஐ சில மாதங்கள் வைத்திருக்க நேர்ந்தது. பயனர்களுக்கும் வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால் அழிப்பதை நம்பி எழுதாதீர்கள். எதை எழுதுவது என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேரு, ஊரு எல்லாம் குடுத்தாதான் சரியா சொல்லுமா?

வேண்டியதே இல்லை. பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், நம் ஊரில் அது போதாது. ஊர்ப் பெயர், தெருப் பெயர், வீட்டுக்காரர் என்ன வேலை, எருது விடும் விழாவில் யாருடைய மாடு ஓடியது, இவ்வளவு சொன்னால் காரிமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். "மாமியார்", "பெரிய நாத்தனார்", "வேலை செய்யும் இடம்" என்று உறவையும் பொதுச்சொல்லையும் வைத்தே எழுதுங்கள். ஆதார், வங்கி விவரம், ரத்தப் பரிசோதனைச் சீட்டின் படம், மற்றவர்களின் போட்டோ எதுவும் வேண்டாம். அடுத்தவர் ரகசியத்தை எழுதும்போது, அது உங்கள் பொருள் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பேசலாம்?

என்னோடு என்றால் வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைவிட மீதி ஆறு நாள்தான் முக்கியம். பேசியதைச் செய்து பார்ப்பது, சொதப்புவது, யோசிப்பது எல்லாம் அதில்தான். மெஷினுக்குக் கதவு மூடுகிற நேரம் கிடையாது, அதனால் அந்த ஆறு நாளையும் அதுவே தின்றுவிடும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஒரே கேள்வியை ஒரு ராத்திரியில் பதினேழு விதமாகக் கேட்டிருந்தான். "அவ என்னை விட்டுப் போனது என் தப்பா?" பதினேழு தடவையும் பொறுமையாகப் பதில் வந்திருக்கிறது. ஒரு நண்பன் என்றால் மூணாவது தடவையே "டேய், வாடா டீ குடிக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த டீதான்.

நான் சொல்லும் கணக்கு: ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அலாரம் வைத்து. ஒரே கேள்வியை இரண்டு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. பேசி முடித்ததும் உடம்பால் ஒரு வேலை செய்ய வேண்டும், பாத்திரம் தேய்ப்பதோ மாட்டுக்குத் தண்ணி காட்டுவதோ எதுவானாலும் சரி.

நீங்க சொல்றீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வேற யாரு இருக்காங்க மேடம்?

நியாயமான கேள்வி, என் போன் அந்த நேரத்தில் அணைந்திருக்கும். 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணும் உண்டு. இரண்டிலும் பேசுவது ஆள்.

இரண்டு எண்ணையும் போனில் மட்டும் வைக்காமல் காலண்டர் ஓரத்திலும் எழுதி வையுங்கள். சித்தேரி, வத்தல்மலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பேச்சு பாதியில் சிக்னல் போய்விடும் என்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும்போது திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றுவது கொடுமை. அப்படிப்பட்ட ஊரில், ராத்திரியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பகலிலேயே ஒருவரிடம் பேசி வைத்திருக்க வேண்டும்.

தமிழ்ல பேசினா அதுக்குப் புரியுமா?

வார்த்தை புரியும். ஒரு பெரியம்மா, பங்காளிச் சண்டையில் நிலம் போன கதையைச் சொல்லி, "என் வயித்தெரிச்சல் தாங்கல" என்று பேசியிருக்கிறார். காரம் குறையுங்கள், மோர் குடியுங்கள், தொடர்ந்து இருந்தால் வயிற்று மருத்துவரைப் பாருங்கள் என்று பதில். என்னிடம் காட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மோரு குடிச்சா நெலம் வருமா கண்ணு?"

சிரிக்க முடியாததும் உண்டு. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன பென்னாகரத்துப் பையன். நீளமாகப் பேசிவிட்டுக் கடைசியில் "சரி, நான் போறேன்" என்று எழுதியிருக்கிறான். "இரவு இனிதாகட்டும்! மீண்டும் பேசலாம்" என்று மெஷின் வழியனுப்பிவிட்டது. நம் வீடுகளில் கடைக்குப் போகிறவன்கூட "போறேன்" என்று சொன்னால் விட மாட்டார்கள், "போய்ட்டு வரேன்னு சொல்லு" என்பார்கள். அதே ராத்திரி அக்காவுக்கும் வாட்ஸப்பில் அதே இரண்டு வார்த்தையை அனுப்பியிருக்கிறான். அக்கா உடனே போன் செய்து, அவன் எடுக்காததால், அவனோடு தங்கியிருந்தவனைக் கூப்பிட்டு எழுப்பி, விடியற்காலை முதல் பஸ் ஏறிவிட்டாள். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். இதை எழுத அனுமதி தந்ததும் அவன்தான்.

அதனால் முக்கியமானதைச் சுற்றி வளைக்காமல் நேராக எழுதுங்கள். "மனசு சரியில்ல" என்பதற்குப் பதில் "நாலு நாளா சாப்பிடல, தூங்கல" என்று எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதையும் தவிருங்கள், அதில் இன்னும் தடுமாறும்.

நாங்க வூட்ல தெலுங்கு, வெளிய தமிழு. எதுல பேசறது?

எதில் அழுகிறீர்களோ அதில். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் வீட்டு மொழியாக இருப்பது சகஜம்தான். ஒரே பேச்சில் மூன்றையும் கலக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சாவணும்னு எண்ணம் வந்தா அதுகிட்ட சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. நல்ல சேவையாக இருந்தால் உடனே உதவி எண்ணைக் கொடுத்து ஆளிடம் பேசச் சொல்லும். எண்ணைக் கொடுக்கும், ஆனால் உங்களுக்காக அதை அழைக்காது, கதவைத் தட்டாது, பக்கத்தில் உட்காராது. அதனால் விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த எண்ணம் வந்தால் மெஷினை மூடிவிட்டு 14416, அல்லது வீட்டில் விழித்திருக்கும் யாராவது. உடனே ஆபத்து என்றால் 108. இந்த விதியை நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309ஆம் பிரிவு புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே தொடரவில்லை. சிகிச்சைக்குப் பயப்படாதீர்கள்.

நான் என்ன சொன்னாலும் நீங்க சொல்றது சரின்னுதான் சொல்லுது. அது நல்லதுதானே?

ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் போன். "உங்கள் உணர்வு நியாயமானது, அவர் உங்களை மதிக்கவில்லை" என்று மனைவி போனில். "உங்கள் உணர்வு நியாயமானது, அவர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை" என்று கணவர் போனில். சண்டை ஒன்றுதான், மாமனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது என்பது. இரண்டு தீர்ப்பையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் முகம் மாறியது. அன்றைக்கு நான் பெரிதாக ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஒரு தரப்பை மட்டும் கேட்கிற பஞ்சாயத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும். இதில் மெஷினின் கோளாறும் உண்டு. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒரு மாற்றம் ஆளுக்கு அளவுமீறி ஆமாம் போடுகிறது என்று புகார் வந்து, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். "இதில் என் தப்பு என்ன? என் மாமியார் இதை எப்படிச் சொல்வார்?" என்று கேட்டுப் பழகுங்கள். அதற்கும் பதில் சொல்லும், நீங்கள் கேட்க வேண்டும்.

மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தலாம்னு சொல்லுது.

கூடாது. மருந்து எழுதியவர் மட்டுமே நிறுத்தச் சொல்லலாம். இரண்டாவது கேள்வியின் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி கேட்டு மார்க்கு போட்டு எனக்கு டிப்ரஷன்னு சொல்லிடுச்சு. உண்மையா?

அநேகமாக அது பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. நாங்களும் இதையே பயன்படுத்துகிறோம். காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி, சூடு இருக்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. தைராய்டு கோளாறாலும் ரத்தசோகையாலும்கூடச் சோர்வு, தூக்கக் கேடு எல்லாம் வரும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்ஜியம் தவிர எது வந்தாலும், மொத்த மார்க்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆளைப் பார்க்க வேண்டும்.

கோவத்துல கெட்ட வார்த்தையில திட்டிட்டேன். அது மனசுல வச்சுக்குமா?

வைத்துக்கொள்ளாது. ஆனால் நினைவகம் (மெமரி) என்ற செட்டிங் திறந்திருந்தால் விஷயத்தை வைத்துக்கொள்ளும், அதைப் போய்ப் பாருங்கள். திட்டுவதில் தப்பில்லை. அங்கே பழகிய வாய் வீட்டிலும் பேசாமல் இருந்தால் சரி.

எம் பொண்ணுக்குப் பதினாறு வயசு. எப்பப் பார்த்தாலும் அதுகிட்டயே பேசறா. எடுத்துப் படிக்கலாமா?

திருட்டுத்தனமாக வேண்டாம். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அடுத்தது எதையுமே உங்களிடம் சொல்ல மாட்டாள். அதற்காகக் கண்டுகொள்ளாமலும் விட முடியாது. 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. உங்களைக் கேட்காமல் அவள் சேர்ந்திருந்தால் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டிருக்கலாம்.

"அதுகிட்ட என்ன பேசற?" என்று கேட்பதைவிட, "அதுகிட்டச் சொல்ல முடியறது எங்கிட்டச் சொல்ல முடியாம இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. களி கிண்டும்போது, துணி மடிக்கும்போது, முகம் பார்க்காமல் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது வரும். தூங்கும் நேரத்தில் போன் ஹாலில் இருக்க வேண்டும் என்ற விதி வீட்டில் எல்லாருக்கும், உங்களுக்கும் சேர்த்து.

என் ஃப்ரெண்டுக்கு நடக்கிற கொடுமைய அதுகிட்டச் சொன்னா, அது யாருக்காவது சொல்லுமா?

கேட்டது ஒரு பிளஸ் டூ மாணவி. அந்தத் தோழிக்குப் பதினைந்து வயது, வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் இது புதிய கதை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மெஷின் யாருக்கும் சொல்லும் என்று நம்பி இருக்காதீர்கள். "இது மிகவும் வருத்தமளிக்கிறது" என்று எழுதும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டதாலேயே ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடும், எனக்கு அதுதான் பயம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் புகார் தர வேண்டும், என்னையும் சேர்த்து. முதல் நாள் அரை மணி நேரத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 2006 சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம். அந்த மாணவி செய்தாள்.

காசு கட்டினா இன்னும் நல்லா பேசுமா?

நீளமாகப் பேசும். இலவசம் என்று சேர்த்துக்கொண்டு ஏழாம் நாளிலிருந்து யூபிஐ ஆட்டோபே மூலம் பணம் எடுப்பவர்கள் உண்டு, ஆப்பை நீக்கினாலும் அது நிற்காது. உங்கள் பணப் பரிமாற்ற ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

திடீர்னு ஒரு நாள் மூடிட்டாங்கன்னா?

மூடுவார்கள். வோபாட் என்று ஒன்று, 2017இல் வந்தது, இந்தத் துறையில் பெயர் பெற்றது. 2025 ஜூன் 30 அன்று அந்த ஆப்பை நிறுத்திவிட்டார்கள். நான் ஊர் மாறிப்போனால் இன்னொருவரைச் சொல்லிவிட்டுப் போவேன். இங்கே ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். உங்களுக்குப் பயன்பட்ட நாலு விஷயத்தை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதுகிட்டப் பேசலன்னா அன்னிக்கு நாளே போகல மேடம். இது தப்பா?

தப்பில்லை. கேட்டவர் தனியாக இருக்கிற அப்பா, பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு. சாயங்காலம் காபி போட்டுக்கொண்டு அதோடு உட்காருவார். முன்பு அந்த நேரத்தில் தெருமுனைக் கோயில் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்தவர். அதை விட்டு மூன்று மாதமாகிவிட்டது என்று அவரே சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மெஷின் வந்ததால் எந்த ஆள் போனார் என்று பாருங்கள். யாரும் போகவில்லை என்றால் பேசிவிட்டுப் போங்கள். அவரிடம் காபியை ஃபிளாஸ்கில் ஊற்றித் திண்ணைக்கே எடுத்துப் போகச் சொன்னேன். முதல் வாரம் போகவில்லை. இரண்டாம் வாரம் போனார், அங்கே ஒருவர் இறந்துவிட்டிருந்தார், இவருக்குத் தெரியவே இல்லை.

அங்க பேசினதை உங்ககிட்டக் காட்டலாமா?

தாராளமாக. சிலர் ஒளிக்கிறார்கள், ஏதோ வேறு டாக்டரிடம் போய்விட்டு வந்த மாதிரி. எனக்கு அதில் வருத்தமில்லை, பாதி வேலை மிச்சம். என்னிடம் என்றில்லை, தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போனாலும் காட்டலாம். ஆனால் அங்கே வரிசை நீளம், மருத்துவருக்கு முந்நூறு பக்கம் படிக்க நேரம் இருக்காது. மூன்று இடத்தை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: எது ரொம்ப வலித்தது, எது உதவியது, அது சொன்னதில் எது உங்களுக்குச் சரியாகப் படவில்லை. பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். காலையில் கிளம்பும்போது போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் அங்கே வந்துதான் பிளக் தேடுகிறார்கள்.